முப்பத்தேழாவது பானை

அன்றைக்குக் கோயில் முன்னால் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால் பின்னால் பேச்சு வரும்; எனக்குப் பேச்சு வாங்கத் தெம்பு கிடையாது. ஊர்த் தலைவர் இருந்தார். கோயில் பணத்தை வைத்திருக்கும் பொருளாளர் இருந்தார். பூசாரி இருந்தார். வரி கட்டுகிற தலைக்கட்டு முப்பத்தாறில் ஏழு பேர் திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போன இடத்தில் இருந்தார்கள். அவர்களைக் கழித்து, மேலே சொன்ன மூவரையும் என்னையும் சேர்த்தால் ஆண்கள் இருபத்தொன்பது பேர். பெண் ஒருவர். ஊர்க்கூட்டத்துக்குப் பெண்கள் வருகிற வழக்கம் எங்களிடம் இல்லை என்பதால் அவரை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு சாக்கு நிறையச் சிரட்டையைக் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி நின்றார்.

அவரை நான் அத்தை என்பேன். சொந்த அத்தை இல்லை, ஊர் முறைக்கு அத்தை. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர். கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேலம்தான். அத்தை அந்தக் கருவேலத்தை வெட்ட ஆள் வைத்து, கரிமூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுவந்தார். நான் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுபவன். அவருடைய கரிச் சாக்குகளை அருப்புக்கோட்டைக்கும், சில நாள் பாலவனத்தம் தாண்டி விருதுநகருக்கும் எட்டு வருசம் ஏற்றிப் போயிருக்கிறேன். முன் சீட்டில் அத்தை, பின்னால் கரி. என் நினைப்பு முழுக்கப் பின்னால் இருக்கிற கரியில்தான். சரியாக அணையாத கரி ஒரு துண்டு சாக்குக்குள் இருந்தால் போதும், காற்றுப் பட்டுக் கனன்று வண்டியே எரிந்துவிடும். அப்படி எங்கேயோ நடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு சாக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி தொடுவேன்.

"நீ பயப்படுறதுக்கே தனி வாடகை குடுக்கணும்போலயே மருமகனே" என்பார் அத்தை.

அவருக்கு எதைப் பற்றியும் பயம் கிடையாது. அவர் பேசியதெல்லாம் ஒரே ஒரு விசயம். முப்பத்தேழு என்கிற எண்.

சொன்னால் நம்புவதற்குக் கஷ்டம். வேறு எந்த எண்ணைப் பற்றியும் அவருக்கு அக்கறை இல்லை. பன்னிரண்டு சாக்குக்கு விலை போட வேண்டுமென்றால் போனை எடுத்துத்தான் தட்டுவார், அதிலும் ஒரு சைபரைக் கூடத் தட்டிவிட்டு முழிப்பார். கரிக்கடைக்காரர் நாலு கிலோ குறைத்துச் சொன்னாலும் தெரியாது. நான் இடித்துக் காட்டினால், "அது பணக் கணக்கு. நான் சொல்றது கணக்கு" என்று விட்டுவிடுவார். ஆனால் முப்பத்தேழைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்குப் பொழுது போய்விடும்.

அது எப்படி ஒட்டியது என்று அவரே ஒருநாள் சொன்னார். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் அவர் வாங்கியது முப்பத்தேழு. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். கூடப் படித்தவர்கள் அதையே பட்டப்பேராக வைத்துவிட்டார்கள். தெருவில் தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "ஏ முப்பத்தேழு, குடத்த எடு" என்பார்களாம். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. பட்டப்பேர் மட்டும் கூடவே வந்தது.

"அந்த நம்பரச் சொல்லித்தான என்னையக் கூப்பிடுறாக. சரி, அது யாரு, எவரு, என்ன வகையறான்னு விசாரிப்போம்னு பாத்தேன்" என்றார். மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது மாதிரியே சொன்னார்.

விசாரித்ததில் கொஞ்சம் அவரே கண்டுபிடித்தது, கொஞ்சம் பின்னால் போனில் பார்த்தது. எது எது என்று கேட்டால் கோபம் வந்துவிடும். ஒரே எண்ணை மூன்று தடவை எழுது என்பார். நான்கு நான்கு நான்கு. நானூற்று நாற்பத்து நான்கு. அந்த மூன்று நாலையும் கூட்டினால் பன்னிரண்டு. பன்னிரண்டால் வகுத்தால் முப்பத்தேழு. ஏழு ஏழு ஏழு போட்டாலும் அதே. கூட்டினால் இருபத்தொன்று, வகுத்தால் முப்பத்தேழு. எந்த எண்ணைப் போட்டாலும் முப்பத்தேழார்தான் வந்து நிற்பார். இன்னொன்று, நூற்று எண்பத்தைந்து முப்பத்தேழால் வகுபடும். கடைசியில் இருக்கிற ஐந்தைத் தூக்கி முன்னால் போட்டால் ஐந்நூற்றுப் பதினெட்டு, அதுவும் வகுபடும். எட்டைத் தூக்கி முன்னால் போட்டால் எண்ணூற்று ஐம்பத்தொன்று, அதுவும் வகுபடும். "எப்படிப் பொரட்டிப் போட்டாலும் விட்டுக்குடுக்காது" என்பார்.

முன்னால் போகிற வண்டிகளின் நம்பரெல்லாம் அவருக்குப் பரீட்சைத்தாள்தான். 2664 என்று ஒரு லாரி போனால், முதலில் நிற்கிற 2-ஐக் கழற்றி அறுநூற்று அறுபத்து நான்கோடு கூட்டுவார். அறுநூற்று அறுபத்தாறு. "நம்மாளு!" என்று கண்ணாடியைத் தட்டுவார். லாரிக்காரன் நம்மைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். எனக்கு உயிர் போய்விடும்.

ஒரு தடவை அருப்புக்கோட்டைக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார். வண்டியில் இரண்டு சாக்கு கூடுதல். தப்பு எங்கள் மேல்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தை இறங்கிப் போய், "ஐயா, ஒரே நம்பர மூணு தடவ போன்ல அடிங்க" என்று ஆரம்பித்துவிட்டார். போலீஸ்காரர் என்ன நினைத்தாரோ, எட்டை மூன்று தடவை அடித்தார். இருபத்து நான்கால் வகுத்தார். கூட நின்ற இன்னொரு போலீஸ்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் ஆச்சரியப்பட்டார்கள். அபராதமும் போட்டார்கள். வண்டி கிளம்பியதும் அத்தை கேட்டது இதுதான்: "ரெண்டாவது ஆளுக்கு நல்லாப் புரிஞ்சுச்சு, கவனிச்சியா?"

எங்கள் ஊர் டீக்கடையிலும் இதே பாடுதான். காலி கிளாஸ்களை வாங்கி மேசையில் அடுக்குவார். நடுவில் ஒரு கிளாஸ். அதைச் சுற்றி ஒட்டி ஒட்டி வைத்தால் சரியாக ஆறு கிளாஸ்தான் பிடிக்கும். ஐந்து வைத்தால் சந்து விழும், ஏழாவதுக்கு இடம் இருக்காது. அந்த ஆறைச் சுற்றிப் பன்னிரண்டு. பன்னிரண்டைச் சுற்றிப் பதினெட்டு. ஆக மொத்தம் முப்பத்தேழு என்பார். கடையில் அவ்வளவு கிளாஸ் இருந்ததில்லை. "யக்கா, குடிக்க வந்தீகளா, அடுக்க வந்தீகளா?" என்று கடைக்காரர் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் வண்டியில் ஏதோ பார்க்கப் போவது மாதிரி எழுந்து போய்விடுவேன். அவர் தனியாக உட்கார்ந்து மீதி டீயைக் குடித்துவிட்டு வருவார். வந்து, வண்டிக்குள் காலடியில் ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கி, கிளாஸில் முடியாததை முடித்துக் காட்டுவார்.

"புரியுதா மருமகனே?"

"புரியுது அத்தை."

எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. நான் ஏழாவதோடு நின்றவன். நின்றதே வகுத்தல் கணக்கால்தான். வகுத்துக்கொண்டே வந்து கடைசியில் மீதி ஒன்று என்று வந்தால், எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து முழுவதையும் அழித்துவிடுவேன். மீதி வந்தாலும் கணக்குச் சரிதான் என்று யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. சொல்லியிருக்கலாம், பயத்தில் என் காதில் விழுந்திருக்காது. அத்தை 'வகுத்தால்' என்ற வார்த்தையைச் சொன்னதுமே எனக்கு அந்தப் பெஞ்சு, அந்த வியர்வை. புரியவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து சொல்வார். தலையை ஆட்டிவிட்டால் அதோடு முடிந்தது. எட்டு வருசமும் தலையை ஆட்டினேன். அத்தை ஊரில், "நான் சொல்றது ஒருத்தருக்கும் வெளங்காது. எம் மருமகனுக்கு மட்டும் வெளங்கும்" என்று சொல்லிவைத்திருந்தார். அது என் காதுக்கு வந்தபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அவருக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. "முப்பத்தாறு இருக்கே, அது யாரு வந்து கேட்டாலும் பிரிஞ்சு குடுத்துரும். ரெண்டா வேணுமா, மூணா வேணுமா, நாலா வேணுமா, ஆறா வேணுமா? இது குடுக்காது. ஒண்ணால வகுக்கலாம், இல்ல அதாலயே அத வகுக்கலாம். நடுவுல ஒரு பய வர முடியாது" என்று ஒருநாள் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு அவர் ஒரே பிள்ளை. அய்யா என்று அவர் கூப்பிடும் அப்பாவோடு இருந்தார். எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒருவரின் குடும்பம்தான் ஒரு தலைக்கட்டு. வருசம் ஒருமுறை கோயில் பொங்கலுக்கு ஒவ்வொரு தலைக்கட்டும் வரி கட்ட வேண்டும். வரி கட்டுகிற வீட்டுக்குத்தான் கோயிலில் பொங்கப்பானை வைக்க இடம், கிடாக்கறியில் ஒரு கூறு. அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கொட்டு அடிப்பவர்களுக்குச் சொல்வதிலிருந்து குழி வெட்டுவதுவரை வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நிற்க வேண்டியது ஊர்க் கடமை. அத்தையின் அய்யா இறந்தபோது அப்படித்தான் எல்லோரும் வந்தோம். காரியம் முடிந்தது. அடுத்த பொங்கலுக்கு வரி எழுதும்போது அந்த வீட்டுப் பேரை வாசிக்கவில்லை. ஆண் இல்லாத வீட்டுக்கு வரி கிடையாது. அதற்குப் பேர் சலுகை.

அதுவரை நாங்கள் முப்பத்தேழு தலைக்கட்டு. அந்த வருசம் முப்பத்தாறு ஆனோம். இரண்டு பொங்கல் அப்படியே போனது. மூன்றாவது பொங்கலுக்குக் கூட்டம் போட்ட அன்றைக்குத்தான் அத்தை சிரட்டைச் சாக்கோடு வந்து நின்றது.

"எங்க வீட்டுக்கும் வரி எழுதுங்கண்ணே" என்றார் பொருளாளரிடம்.

பொருளாளர் கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஊர் பார்த்துக் கொடுத்த சலுகையை வேண்டாம் என்பது புதுசாக இருக்கிறதே என்றார். பின்னாலிருந்து ஒருவர், "கரியில காசு கொட்டுதாக்கும்" என்றார். அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு நான் செத்துக் கெடந்தா யாரு வருவீக? வரி இல்லாத வீட்டுக்கு வரணும்னு ஒருத்தருக்கும் கடமை கெடையாது. இரக்கப்பட்டு ரெண்டு பேரு வரலாம். எனக்கு இரக்கம் வேணாம்ணே. வாசிக்கிற பேருல எங்க வீடு இருக்கணும்."

பெண்ணுக்கு வரி எழுத மாட்டோம் என்று நேராகச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை, காலம் அப்படி. அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தேழு விழாது என்றார் தலைவர். மூன்று கிடா வெட்டுகிறோம், கிடாவுக்குப் பன்னிரண்டு கூறு, முப்பத்தாறு. முப்பத்தேழாவது கூறை எந்தக் கிடாவில் போடுவது? எங்க அய்யா இருந்தப்ப முப்பத்தேழுதான போட்டீக என்றார் அத்தை. அப்ப பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், இப்பத்தான் கச்சிதமா விழுது என்றார் பொருளாளர். மூன்று கிடாக் கறியையும் ஒன்றாகக் கொட்டித் தராசில் நிறுத்தால் எத்தனை கூறும் விழுமே என்றார் அத்தை. கிடாவைக் கலக்கக் கூடாது, சாமிக்கு ஆகாது என்றார் பூசாரி.

"சரி, எனக்குக் கறி வேணாம். வாசிச்சாப் போதும்."

"பானை?" என்றார் பொருளாளர். "வரிசைக்கு ஒம்பது பானை, நாலு வரிசை. அம்சமா நிக்கிது. ஒத்தப் பானைய எங்கிட்டு வைக்க?"

அய்யா காலத்தில் அந்த வீட்டுப் பானைதான் ஒற்றையாக வரிசைக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருக்கும். சிறு வயதிலிருந்து அத்தை அங்கேதான் பொங்கல் வைத்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி அவர் சாக்கை அவிழ்த்தார். மண்ணைக் கையால் தடவிச் சமன் பண்ணி, நடுவில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். சுற்றி ஆறு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு. அதைச் சுற்றிப் பதினெட்டு. வைக்க வைக்க, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவரே குனிந்து பார்த்தார். ஒருவர் போனில் படம் எடுத்தார். ஒரு சிரட்டையும் தனியாக இல்லை. ஒரு சந்தும் இல்லை. பூ விரிந்த மாதிரி இருந்தது. உள்ளே நிற்கிற பெண்கள் தீக்கு நடுவில் எப்படி வெளியே வருவார்கள் என்றுதான் எனக்குக் கவலை. அதற்கும் அத்தை பதில் வைத்திருந்தார்: பானைக்குப் பானை ஆள் நடக்க இடம் விட்டால் சரியாகிவிடும், கணக்கு மாறாது.

டீக்கடையில் சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பத்தேழு விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் யாரோ கேட்டார்: "நடுவுல யாரு பானை?"

நான்கு வரிசையில் முன்பின் இருக்கும், நடு இருக்காது. இதில் இருந்தது. "அதான பாத்தேன். ராணியம்மா நடுவுல உக்காரணுமாக்கும்" என்றது இன்னொரு குரல். அத்தை பதறாமல், எனக்கு நடு வேண்டாம், வருசா வருசம் திருவுளச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அது காதில் விழுவதற்குள் சத்தம் கூடிவிட்டது. மூத்த வீடு எது, முதல் மரியாதை யாருக்கு, உன் பாட்டன் என்ன, என் பாட்டன் என்ன என்று கிளம்பிவிட்டது. அத்தை கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார்.

"மருமகனே, நீ சொல்லு. உனக்குத்தான் இது முழுசாத் தெரியும்."

இருபத்தெட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். சீட்டு என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். எனக்கு வந்ததெல்லாம் அந்த ஏழாம் வகுப்புப் பெஞ்சு. இந்தச் சத்தம் அடங்கினால் போதும் என்று இருந்தது. யாருக்கும் கோபம் வராத ஒரு வார்த்தையைத் தேடினேன். கிடைத்தது.

"நடுவுல பூசாரி வைக்கிற சாமி பானைய வச்சிட்டா யாருக்கும் மனத்தாங்கல் இருக்காதுல்ல" என்றேன்.

சத்தம் அப்படியே அமர்ந்தது. பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். தலைவர், "ஏலே, பய என்னமாச் சொல்லிட்டான்" என்றார். பொருளாளர் மட்டும் ஒரு நிமிசம் சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டி எண்ணினார்.

"நடுவுல சாமி. சுத்தி ஆறு, பன்னெண்டு, பதினெட்டு. முப்பத்தாறு" என்றார். "கச்சிதம். இனிமே வரிசை வேணாம், இப்பிடியே வச்சிருவோம்."

எல்லோரும் சரி என்றார்கள். கூட்டம் கலைந்தது. போகிறபோது இரண்டு பேர் என் தோளைத் தட்டினார்கள். பிறந்ததிலிருந்து ஊர்க்கூட்டத்தில் நான் பேசி ஒன்று முடிவானது அதுதான் முதல் தடவை. அத்தை குத்தவைத்துச் சிரட்டைகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்து எடுத்துப் போட்டேன். போட்டுக்கொண்டே கேட்டேன், "நல்லபடியா முடிஞ்சதுல்ல அத்தை?"

அவர் என்னைப் பார்த்தார். கேலி பண்ணுகிறேனோ என்று பார்த்தார் போலிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும், "ம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து, நடந்ததை என் வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றியவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏங்க, சாமியோட சேத்து முப்பத்தேழுன்னா, அத்தை பானைய எங்க வைப்பாக?"

எழுந்து கையைக் கழுவினேன்.

மறுநாள் காலையில் லோடு இருந்தது. வருவாரோ, வரமாட்டாரோ என்று நினைத்தேன். வந்தார். முன் சீட்டில் ஏறினார். திருச்சுழி தாண்டும்வரை எத்தனையோ வண்டி முன்னால் போனது. ஒரு நம்பரையும் அவர் வாசிக்கவில்லை. நான்தான், "அத்தை, நான் கூட்டிப் பாக்கல" என்றேன்.

"தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

"எட்டு வருசமா புரியுது புரியுதுன்ன. ஒரே ஒரு தடவ புரியலன்னு சொல்லியிருந்தா, இன்னொருக்கச் சொல்லித் தந்திருப்பேன்ல மருமகனே."

அந்தப் பொங்கலுக்கு வட்டமாகப் பானை வைத்தோம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். வீடியோ எடுத்துப் போட்டார்கள். யோசனை யாருடையது என்று கேட்டவர்களுக்கு என்னைக் காட்டினார்கள். இல்லை என்று நான் சொல்லத்தான் செய்தேன். சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தை அன்றைக்கு ஊரில் இல்லை. ஆறு மாதத்தில் கரிமூட்டத்தைக் கைமாற்றிவிட்டு அருப்புக்கோட்டையில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார். அங்கே டீக்கடைகளுக்கும் தேய்ப்புக்கடைகளுக்கும் சில்லறையில் கரி போடுகிறார். ஊரில் அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

அதற்கடுத்த பொங்கலும் முப்பத்தாறு. போன வருசம் பொருளாளரின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பையன் தனித் தலைக்கட்டு ஆனான். கூட்டத்தில் பொருளாளரே எழுந்து, இந்த வருசம் முப்பத்தேழு என்று வாசித்தார். விழாது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று கிடாக் கறியையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்துக்கொள்வோம் என்றார். பூசாரி தலையாட்டினார். பானை? சாமி பானையைக் கருவறை வாசலுக்கே கொண்டுபோய்விடலாம், அதுதான் முறையும்கூட. புதுப்பெண் முதல் வருசம் பொங்கல் வைக்கிறது, நடுவில் வைத்துக்கொள்ளட்டும் என்றார் தலைவர். அப்போது என் கை மேலே எழுந்தது. பாதி தூரம் போய், பிடரியைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது. இதை எழுதும்போதும் பொருளாளர் படித்துவிடுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

பொங்கல் அன்றைக்கு ஓரமாக நின்று நானாக எண்ணினேன். ஒன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. விரல் விட்டுக் கூட்டினேன். முப்பத்தேழு வந்தது. மறுபடி கூட்டினாலும் அதுதான் வந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அத்தை போன் பண்ணி எப்படி வைத்தார்கள் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். "கச்சிதமா இருந்திருக்குமே" என்றார்.

வருசா வருசம் வரி அறிவிக்கிற அன்றைக்கு அவர் பொருளாளரின் போனுக்குப் பணம் அனுப்புகிறார். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்துவிடுகிறது. நன்கொடை என்று கொடுங்கள், மைக்கில் பேர் சொல்கிறோம், சுவரில் கல் பதிக்கிறோம் என்று பொருளாளர் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்கவில்லை. "நன்கொடை ரோட்டுல போறவன்கூடக் குடுக்கலாம்ணே. வரி ஊருக்காரிதான் குடுக்கணும்" என்றாராம்.

இந்த வருச வரி எவ்வளவு என்று போன வாரம் என்னிடம் கேட்டார். மூவாயிரம் என்றேன். போனிலேயே வாய்விட்டுக் கூட்டினார். கூட்டத்துக்கு வந்து நின்ற வருசம் இரண்டாயிரம். அடுத்த வருசமும் இரண்டாயிரம். போன வருசம் இரண்டாயிரத்து ஐந்நூறு. இப்போது மூவாயிரம். "யாராச்சும் கேட்டா, அந்தம்மாவுக்கும் ஊருக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிராத. பாக்கி இருக்குன்னு சொல்லு மருமகனே" என்றார்.

இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். ஊருக்கு அத்தை கட்ட வேண்டிய வரிப் பாக்கி ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.